நடுத்துண்டு

நிசாம்தீன் நானா
பின்தொடையைத் தராசில் போட்டார்.
"கறிக்குத்தானே, வெட்டவா?"
வேண்டாம், முழுசாத் தாங்கோ என்றேன்.
கத்தி அந்தரத்தில் நின்றது.
இரண்டரைக் கிலோவை வெட்டாமல் கொண்டுபோக
தண்ணீரூற்றில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
முத்தையன்கட்டு வான் பாயுதாம் என்று
முன்சீட்டில் யாரோ சொன்னார்கள்.
கண்ணாடியெல்லாம் மழை. என் மடியில்
அன்று பிறந்த பிள்ளையின் பாரம்.

நிக்கோசியாவில் எட்டு நத்தாருக்கு
இதையேதான் சமைத்தேன்.
மேடத்தின் அடுப்பில் நூற்றியெண்பது என்று
ஒரு எண் பச்சையாய் எரியும்.
வட்டம் வட்டமாய் அரிந்தது மேசைக்குப் போகும்.
எனக்கு ஓரம்,
நூல் கட்டின தழும்போடு கருகின முனை,
நின்றபடி, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில்.
ருசியாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
நடுத்துண்டு எப்படியிருக்கும் என்றுதான்
கடைசிவரை தெரியவில்லை.

இரணைப்பாலையில் ரோஸ்மேரி ஏது.
கிணற்றடியில் கற்பூரவள்ளி,
சளிக்கென்று நட்டது.
கசக்கினால் அந்த வீட்டு மணத்தில் பாதி வருகிறது.
மற்றப் பாதிக்குக் கருவேப்பிலை, கொஞ்சம் சேரை,
ஒரு முழு உள்ளி, தேசிக்காய்த் தோல்.
பட்டர், மல்லாவியில் எருமை வளர்க்கிற
செலஸ்ரின் வீட்டுத் தயிரில் கடைந்தது.
உப்பு ஆனையிறவு.
எல்லாம் குழைத்துப் பூசும்போது
மச்சாள் பிளாவியா வந்து நின்றாள்.
"தூள் போடேல்லையோ?"
இல்லை.
"மஞ்சளுமோ?"
இல்லை என்றேன்.
சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனாள்.

அடுப்பென்றால் கிடாரம்தான்.
அடியில் மூன்று விரல் மணல்,
மணலில் கவிழ்த்த தட்டு, தட்டின்மேல் தாச்சி,
மேலே மூடி, மூடி நிறையச் சிரட்டைத் தணல்.
பாலை விறகில் நாலு கட்டை
ஐப்பசியிலிருந்தே கட்டிலுக்குக் கீழே ஒளித்திருந்தேன்.
எண் இல்லாத அடுப்பு, காதால் பார்க்கவேண்டும்.
பட்டர் முதலில் சத்தம் போடும்,
பிறகு தனக்குள்ளே முணுமுணுக்கும்.
அப்போது தணலைக் குறை.

குறைக்க முன்னமே மழை குறைத்தது.
பக்கத்து வளவுத் தவபாலன்
திருவெம்பாவை விரதக்காரன், மணத்துக்குப் பயந்து
மத்தியானமே யன்னல் சாத்தினவன்,
வேலிக்கு மேலால் ஒரு கூரைத் தகரம் நீட்டினான்,
முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு.
"அக்கா, தணல் நனையுது."

பூசை முடிந்து வந்தது பத்துப் பேர்.
கத்தி சொன்னபடி கேட்டது.
ஓரம் கறுப்பு, உள்ளே மண்ணிறம், நடுவில்
மேடத்தின் விருந்தாளிகள் கைதட்டின
அதே இளஞ்சிவப்பு.
சாறு வெள்ளைப் பீங்கானில்
விளிம்புவரை ஓடி நின்றது.

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.
அலோசியஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.
சூசைதாசன் மாமா வெளியே பார்த்தார்.
வெளியே இருட்டு, பார்க்க ஒன்றுமில்லை.
பிளாவியா எழும்பி வந்து
பீங்கானைத் துவாயால் மூடினாள்.
தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு
இழுத்து மூடுவதுபோல் மூடினாள்.

அந்த வருசம் தை, மாசி, பங்குனியில்
நான் இங்கே இல்லை.
நிக்கோசியாவில் கண்ணாடிக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி தணல். துண்டெல்லாம் தாச்சிக்குள்.
அவள் குடை பிடித்தாள், நான் கிளறினேன்.
"அங்க இப்பிடித்தான் தின்னுவினமோ?"
ஓம்.
"ம்."
தூள்போத்தலைத் திறந்து
என்னைக் கேளாமலே மூன்று கரண்டி போட்டாள்.
கற்பூரவள்ளி அதற்குள்ளும் கொஞ்சம் மணத்தது.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டோம்.
அலோசியஸ் இரண்டாம் தரம் கேட்டான்.
பிளாவியா ஒரு பெரிய துண்டை என் சோற்றில் வைத்து
இருந்து தின்னடி என்றாள்.
இருந்தேன்.
நடுத்துண்டோ ஓரமோ,
அந்த நிறத்தில் யார் கண்டது.

விடிந்ததும் தவபாலனின் தகரத்தைச்
சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவவேண்டும்,
வேலியால் கொடுக்க முன்னம்.