உலர்ந்த கட்டங்கள்

அம்பாசமுத்திரம் உபகோட்ட அலுவலகத்தில்
மின்விசிறி மூன்றில்தான் சுற்றும். நான்கில் வைத்தால் கத்தும்.
அதன் கீழே மூன்று வாரமாக
ஒரு கூட்டல் இடிக்கிறது எனக்கு.

ஊத்தடி அணைக்குள் வந்த வண்டல் இவ்வளவு.
மதகு வழியும் மறுகால் வழியும் போனது இவ்வளவு.
அடியில் படிந்தது, இன்னும் கலங்கி நிற்பது, இவ்வளவு.
வந்ததில் மற்றதெல்லாம் கழித்தால் பூச்சியம்.
எனக்கு வருவது பதினோராயிரத்து நானூறு டன்.

"ரவுண்ட் ஆஃப்ல போயிருக்கும் ஜெபக்கனி மேடம்"
என்றார் வரைவாளர் கோமதிநாயகம்.
இத்தனை டன் ரவுண்ட் ஆஃபில் போகுமென்றால்
ஒரு நாள் பொதிகையும் போய்விடும் அண்ணாச்சி.

முதலில் காலப்படியைக் குறைத்தேன்.
அறுபது நொடி, முப்பது, பத்து.
கணினி இரண்டு இரவு ஓடி
அதே மீதியைக் கொண்டுவந்து வைத்தது.
கொஞ்சம் சுருங்கியிருந்தாலும்
காலத்தின் மேல் பழி போட்டிருப்பேன்.

அலகைப் பார்த்தேன். நாளுக்கு டன், நொடிக்குக் கிலோ,
எல்லாம் சரியாகவே மாற்றியிருந்தது.
படிந்த சேறு முழுக்க மண் இல்லை,
பத்துப் படி அளந்தால் ஆறு படி தண்ணீர்;
அந்தத் தண்ணீரை இரண்டு முறை கழித்தேனோ?
இல்லை. ஒரே முறை.

பூச்சியத்துக்குக் கீழே போகும் கலங்கலை
மாதிரி சத்தமில்லாமல் பூச்சியமாக்கிவிடும்,
தேர்தலுக்கு முன்பு கூட்டுறவுக் கடன் தள்ளுபடியாவது போல.
அதையா என்றால், அது மண்ணைக் கூட்டும்.
என்னிடம் குறைகிறது. ஆள் வேறு.

நான்காம் வாரம்தான் தோன்றியது,
எவ்வளவு என்று கேட்பதை விட்டு
எப்போது என்று கேட்க.
ஆறு வருஷ ஓட்டத்தில் மீதியை வரைந்தால் ஆறு படிக்கட்டு.
ஐப்பசி வெள்ளத்தில் ஒரு கிலோ தப்பவில்லை.
மாசி முதல் வைகாசி வரை ஏறுகிறது.
மண் வராத மாதத்தில்
மண் காணாமல் போகிறது.

சித்திரையில் ஜீப் எடுத்துப் போனேன்.
படகோட்டி முப்பிடாதிக்கு வேலையில்லை,
படகு தரையில் கிடந்தது, தண்ணீர் ஒரு மைல் தள்ளி.
வெடித்த சேற்றில் நடுவே பச்சை.
வெள்ளரி.
பாத்தி பாத்தியாக, கட்டம் கட்டமாக.

"போன ஐப்பசிக்கு வந்த மண்ணு.
ஒரு பிடி எருவு போடல, கேட்டியளா"
என்றாள் சொர்ணத்தாய், நிமிராமல்.
கைக்கருவியில் இடம் பார்த்தேன்:
கட்டம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
என் மாதிரியில் இது உலர்ந்த கட்டம்.
உள்ளே ஒன்றுமில்லை.

திரும்பி வந்து நிரலைத் திறந்தேன்.
நீர் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால்
கட்டத்தை மூடு என்று ஒரு வரி.
மூடுமுன் கலங்கலில், மேல்சேற்றில் இருப்பதைத்
தரையில் இறக்கி வை என்று
ஒரு வரி இல்லை.
எழுதியது யாரென்று பார்த்தால்
என் தலைப்பெழுத்து, என் தேதி.

இறக்கி வைத்தேன்.
மறுநாள் காலை மீதி நாற்பது டன்.
"இதுதான் ரவுண்ட் ஆஃப்" என்றேன்.
கோமதிநாயகம் சிரிக்கவில்லை,
வெள்ளரிக்கு உப்பு தேடிக்கொண்டிருந்தார்.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
பாத்திகளுக்கு அப்பால் டிராக்டர் தடம் இருந்தது,
கீழே வரும்போது மேலாக,
ஏறிப் போகும்போது ஆழமாக.
வெள்ளரி அவ்வளவு கனக்காது.
வைகாசியில் எதிரொலிமானி வைத்து அளக்கும்போது
அணை என் மாதிரியோடு ஒத்துப்போகாது.
அது வேறு கழித்தல், அதற்கு வேறு பதிவேடு,
அது எந்த மேசையில் இருக்கிறதென்று
இதுவரை நான் கேட்டதில்லை.

செருப்பில் ஒட்டி வந்தது
கால் கிலோ இருக்கும்.
வாசலில் தட்டிவிட்டு உள்ளே போனேன்.