கொசுப் பொத்தான்

காசாளர் மேசைக்கு அடியில்
இடது முழங்கால் படும் இடத்தில்
ஒரு பெல் பொத்தான் வேண்டும் என்றார் லோ போ செங்.
தொண்ணூற்றொன்று, மே மாதம்.
கம்பியைச் சுவருக்குள் ஓட்டி
பாட்டு போடுகிறவன் தலைக்கு மேல்
மஞ்சள் பல்பு ஒன்றில் முடிக்க வேண்டுமாம்.
எதற்கு என்றேன்.
கொசு அதிகாரிகள் வந்தால் தெரிய வேண்டாமா என்றார்
சிரிக்காமல்.
முப்பத்தெட்டு வெள்ளி. ரசீது கொடுத்தேன்.

பெயர்ப்பலகை கிடையாது.
கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை,
பதினேழு படி ஏறினால் அது.
மலாய்க்காரர்களுக்கு அத்தாஸ்.
நாங்கள் நாலைந்து தமிழர்கள் 'மேலே' என்போம்.
ஞாயிறு மேலயா?
வேலையிடத்தில் எவன் காதில் விழுந்தாலும்
ஏதோ கோயில் விஷயம் என்று நினைத்துக்கொள்வான்.

அடுத்த ஞாயிறே போனேன், கருவிப் பையோடு.
பல்பு எரிகிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன்.
காசாளர் ஹாஸ்னி பையை வாங்கி
மேசைக்கடியில் தள்ளினான்:
பல்பை நான் பார்த்துக்கொள்கிறேன்,
நீ போய் ஆடு.

ஒன்றரை வருடம் எரியவில்லை.
எரிந்த இரவு
என் கை திருமாறனின் தோளில் இருந்தது.
தோளில்தான்.
பாட்டை நிறுத்தக் கூடாது, அதுதான் ஏற்பாடு.
சுவரோரப் பெண்கள் எழுந்து வந்து
ஆளுக்கு ஒருவனாக எங்களைப் பிரித்துக்கொண்டார்கள்.
எனக்கு லிலியன் கோ,
பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள்.
என் உள்ளங்கையைத் தன் இடுப்பில் வைத்து அழுத்தி
சிரிடா, நமக்கு டிசம்பரில் கல்யாணம் என்றாள்.

பிறகு வெள்ளை விளக்குகள்.
அந்தத் தரை எவ்வளவு அழுக்கு என்று
அன்றுதான் பார்த்தேன்.
அடையாள அட்டை எண்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள்.
திருமாறன் அட்டை கொண்டுவரவில்லை.
அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள்.
எண்ணினேன், பதினேழு.

இரண்டு மாதம் தபால்பெட்டிச் சாவி
என் சட்டைப்பையிலேயே கிடந்தது.
கடிதம் வரவில்லை.
திருமாறனும் வரவில்லை.
பெர்த்தில் இருக்கிறான் என்றார்கள்;
சொன்னவனும் பெர்த்துக்குப் போய்விட்டான்.

அப்புறம் வாடகை ஏறியது.
போ செங் காலமானார்.
பலகை வந்தது, ஊதா நியான், நான்தான் மாட்டினேன்.
நுரை இரவுகள், சுற்றுப்பயணிகள்,
வியாழக்கிழமை இலவசம்.
ஹாஸ்னிக்கு முழங்கால் வலி, இடது.
கிருமிக் காலத்தில் ஆடக் கூடாது, உட்காரலாம்.
அதிகாரிகள் வந்தார்கள்.
யாரோடு யார் என்று கேட்கவில்லை,
ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று எண்ணினார்கள்.
அந்தச் சட்டப்பிரிவு போன இரவு
கூட்டம் படிவரை நின்றதாம்.
நான் ஈசூனில் யார் வீட்டுக் குளியலறையிலோ
வாட்டர் ஹீட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அங்கே உடற்பயிற்சிக் கூடம் வருகிறது.
பழைய இணைப்புகளைத் துண்டிக்கக் கூப்பிட்டார்கள்.
பொத்தானில் டெஸ்டரை வைத்தேன்,
கைக்குள் சிவப்பாய் மினுங்கியது.
முப்பது வருடமாக மறுமுனையில் எதுவும் இருந்ததோ இல்லையோ
மின்சாரம் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது.
இது எங்க போகுது அங்கிள் என்றாள் மேலாளர் பெண்.
கொசுவுக்கு, என்றேன்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் ஏறினேன்.
பொத்தான் சட்டைப்பையில்.
எதிரே இரண்டு பையன்கள்,
ஒருவன் தேசிய சேவைச் சீருடையில்,
மற்றவன் தோளில் தலைசாய்த்துத் தூங்குகிறான்.
கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
அவர்கள் விலகவில்லை.
நான்தான் ஓர் அடி தள்ளி நின்றேன்.
பழக்கம்.