இன்னும் என்ற சொல்

எல்வுட் ஹாகன் சாவதில் தேர்ந்தவர்.
பத்தொன்பதாம் நிமிடத்தில் ஒரு தோட்டா,
மூன்றாம் காட்சியில் மாரடைப்பு,
ஒருமுறை திரைக்கு வெளியே வெறும் அலறல்.
இருபத்தோரு படங்களில் தூக்குத் தண்டனை விதித்தார்,
நாலு படங்களில் தானே தொங்கினார்.
செனட்டர், பன்றிப் பண்ணைக்காரர், பாதிரியார்,
பாதிரியார் அங்கியில் வந்த கொள்ளைக்காரர்,
"எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று
கையுறையைக் கழற்றும் டாக்டர்.
கதாநாயகன் திரும்பும்போது
அங்கே யாராவது நிற்க வேண்டுமே.
அந்த யாராவது இவர்.

பர்பாங்க் மளிகைக்கடை வரிசையில்
ஒருத்தி உற்றுப் பார்த்தாள்.
"டொலீடோவில் எங்கள் பல் டாக்டர்தானே நீங்கள்?"
"ஆமாம். பல் எப்படி இருக்கிறது?"
அவள் வாயைத் திறந்தே விட்டாள்.
இவரும் குனிந்து பார்த்து,
மேல் வரிசையில் கவனம் வேண்டும் என்றார்.

அது முகத்தின் கதை.
குரலுக்கு முகம் கிடையாது.
நெப்ராஸ்காவின் புழுதிப்புயலை,
வால்ரஸின் பேறுகாலத்தை,
கால்வாய் தோண்டப் போய்க் காய்ச்சலில் மாண்ட
அயர்லாந்துக்காரர்களின் கணக்கை
ஞாயிறு இரவுகளில்
நாடு அவர் சொல்லித்தான் கேட்டது.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இருபத்திரண்டு வருடம்.
கார்டுராய் கோட்டை வெளியே மாட்டிவிட்டுத்தான் வருவார்,
மைக்குக்கு அது முணுமுணுப்பது கேட்கும்.
நாக்கு ஒட்டாமலிருக்கப் பச்சை ஆப்பிள்,
வயிறு பேசாமலிருக்க அரைத்துண்டு ரொட்டி.
தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் மூச்சு.
இரண்டு கோடு என்றால்
இங்கே அவர்கள் பார்க்கட்டும்.
"ஷூஷன், ஒரு கரடி செத்துக்கொண்டிருக்கிறது,
நடுவில் பேச நான் யார்?"
நாலு வரியை அடித்துத் தள்ளினார்.
எழுதியவன் முறைத்துக்கொண்டு போனான்.
பிறகு அந்த மௌனத்துக்காகவே விருது வந்தது.
எழுதியவன்தான் மேடையேறி வாங்கினான்.

பழைய படங்களின் பங்குத்தொகை தபாலில் வரும்.
ஒருதடவை ஏழு சென்ட்டுக்குக் காசோலை;
உறைமேல் தபால்தலை அதைப்போல் நாலு மடங்கு.
என் மேஜை விளிம்பில் ஒட்டி
அடியில் எழுதினார்:
ஒரு ஷெரிஃபின் உயிர், வரிப்பிடித்தம் போக.

பிப்ரவரியில் போய்விட்டார்,
டுலூத்தில், தங்கை வீட்டு வாசலில்
பனி வாரிக்கொண்டிருந்தபோது.
செய்தித்தாள் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தது.

அலாஸ்காப் பனியாற்றுப் படம் அப்போது பாதியில்.
அவர் பதிந்தது: "இந்தப் பனியாறு நகர்கிறது."
விஞ்ஞானிகள் திருத்தினார்கள்: "இன்னும் நகர்கிறது."
ஒரு சொல்தான்.
வேறு குரல் போட்டு முழுவதையும் எடுப்போம் என்றார் தயாரிப்பாளர்.
இரண்டு இரவு கொடுங்கள் என்றேன்.

நாடாச் சுருள்களைக் குடைந்தேன்.
உள்நாட்டுப் போரில் ஓர் இன்னும் கிடைத்தது,
பீரங்கி அதன் வாலைக் கடித்திருந்தது.
வால்ரஸிடம் ஒன்று, சளி பிடித்த வாரம்.
கால்வாயில் கிடைத்ததோ
சவக்குழிக்குள் இறங்குவதுபோல் தாழ்ந்துகொண்டே போயிற்று;
பனியாற்றுக்கு அது ஆகாது.
இரண்டாம் விடியலில்
மைக்கை நிறுத்த மறந்த ஒரு மதிய இடைவேளை.
தாள் கசங்குகிறது, நான் மெல்லுகிறேன்,
மடித்த லஹ்மஜூன், அதில் எலுமிச்சை கூடுதல்.
அவர் உள்ளேயிருந்து:
"இன்னும் சாப்பிட்டு முடிக்கலையா, ஷூஷன்?"

பிளேடை எடுத்தேன்.
நகல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.
அரை விரல்நீளம் பழுப்பு நாடா,
இருபுறமும் பசை.

இப்போது பல லட்சம் வீடுகளில்
அந்தப் பனியாறு இன்னும் நகர்கிறது.
யாரும் கண்டுபிடிக்கவில்லை,
அந்தச் சொல்லின் நுனியில் கொஞ்சம் கிண்டலும்
ஒரு மணிக்கு மேலான பசியும் இருப்பதை.

மிச்ச நாடா என் இழுப்பறையில்.
போட்டால், இரண்டு நொடி இரைச்சல்.
அப்புறம்,
"சாப்பிட்டு முடிக்கலையா, ஷூஷன்?"
அப்புறம் என் சிரிப்பு,
வாய் நிறைய.