நூற்றில் ஐம்பது

லூப்லியானாவில் நவம்பர்.
ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
எங்கள் நிலவறை ஜன்னலில் முகம் வைத்துப் பார்க்கிறது.
சைக்கிள்களுக்குச் சக்கரம் மட்டும்தான் உண்டு இங்கே,
மனிதர்களுக்கு முழங்கால் வரை.

கண்ணாடித் தொட்டியில் மூன்று முறை வடித்த நீர்.
அதில் மிதக்க ஒன்றுமில்லை என்று
கையெழுத்துப் போட்டவன் நான்.

ஸ்தென்கா லேசரைக் குவிக்கிறாள்.
ஆறு நானோ நொடி.
நீர் உடைந்தால் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொறி,
நகத்தைச் சுண்டினாற்போல் ஒரு டக்.
உடையாவிட்டால்
ஒளி அந்தப் பக்கம் போய்விடும்,
தவறான வீட்டுக் கதவைத் தட்டியவர் மாதிரி.

கண்ணை நம்பாதே என்பாள். கேமராவையும்.
பதினைந்து மில்லிமீட்டர் தள்ளி
நீருக்குள் செருகியிருக்கும் ஹைட்ரோஃபோனே சாட்சி.
பத்து மைக்ரோ நொடி தாமதமாக வரும்.
பொய் சொன்னாலும்
எந்தச் சுவரில் மோதிவிட்டு வந்து சொல்கிறதென்று
கணக்குப் போட்டுவிடலாம்.

அலைக்காட்டியில் முதல் கூர்முனை: கிழிந்தது.
அப்புறம் வெறும் கோடு.
அந்த வெறுமைக்குள்தான் குமிழி ஊதிப் பெருக்கிறது,
கடுகளவு.
பெருத்தது தாங்காமல் சுருங்கி
நூற்றெண்பதாவது மைக்ரோ நொடியில் இடிந்து விழ
இரண்டாம் கூர்முனை.
இரண்டுக்கும் நடுவே அது வாய் திறக்காத நேரத்தை வைத்து
எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்கிறோம்.

டிலன் கட்டம்போட்ட நோட்டில் கோடு கிழிக்கிறான்.
ஒரே ஆற்றல், நூறு சுடுகை.
ஐம்பது உடைந்தால் அதுதான் வரம்பு.
முதல் நூறில் நான்கு.
அடுத்த நூறில் மூன்று.
"உன் தண்ணீர் ரொம்ப நல்ல தண்ணீர்" என்றாள் ஸ்தென்கா.
பாராட்டு இல்லை அது.

ஒன்பது மணிக்குக் காவலாளி ரதோவன் வந்தான்,
காகிதக் கூம்பில் சுட்ட கஷ்கொட்டையோடு,
ஈரக் கம்பளிக் கோட்டோடு.
மூடியில்லாத தொட்டியின் மேல் குனிந்து பார்த்தான்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
அடுத்த நூறில் அறுபத்தொன்று.

டக். டக்.
"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றான் ரதோவன்.
புரை எடுத்த கண்ணில் திரும்பப் படர்ந்த திரையை
போன கோடையில் இதே மாதிரி ஒன்றால் கிழித்தார்களாம்.
வலியில்லை. மண்டைக்குள் யாரோ நகம் சுண்டினார்கள்.
"டாக்டர் இருபது தடவை சுட்டதாக எழுதினார்.
நான் எண்ணினேன். பதினெட்டு."

ஸ்தென்கா உரித்த கஷ்கொட்டையைக் கீழே வைத்தாள்.
"நிச்சயமா?"
"தலையை அசைக்காதே என்றார்கள்.
எண்ணாமல் வேறென்ன செய்ய?"

இருபதில் பதினெட்டு.
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று டிலன் கேட்டான்.
அவள் பதில் சொல்லவில்லை,
ரதோவனின் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
தொட்டியைப் பார்ப்பது போல.

நான் குழாயைத் திறந்து
கோட்டு நூல் மிதந்த நீரைச் சாக்கடைக்கு விட்டேன்.
நாளைக்கு மறுபடி வடிக்க வேண்டும்.