சுட்டுவிரல்

விற்ற இயந்திரத்தோடு வருகிறவருக்கு
வேலை அனுமதி தேவையில்லை.
ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் போதும்.
கடிதத்தை நான்தான் அடித்தேன்,
ரோஸ்டவுன் பருப்பு ஆலையின் கணக்கு மேசையில்,
மைனஸ் முப்பத்தொன்றில்,
காலடியில் ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு.

பார்க்கலாம், சோதிக்கலாம், சொல்லித்தரலாம்.
தரையில் நிறுத்தி முடுக்குவது மட்டும்
இங்கிருப்பவர் கையால்.
அடிக்கும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

குழந்தைவேல் வந்தார்.
கோயமுத்தூர் கணபதியிலிருந்து மூன்று விமானம்.
டொரண்டோவில் கேட்டார்களாம்:
வேலைக்கா வந்தாய்?
"இல்லைங்க, மெசினுக்கு வந்தேன்."
திருப்பிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாராம்.
முத்திரை விழுந்துவிட்டது.

கல்லையும் கறுப்பையும் கண்ணால் பார்த்து
ஊதித் தள்ளுகிற மெசின்.
அதைப் பூட்டியவரே அவர்தான்.
நகக்கண்ணில் அதன் கிரீஸ் இன்னும் இருக்கிறது.
ஆலையில் ப்ரென்ட்டும் கோல்பியும் முடுக்க,
இரவல் ஜாக்கெட்டின் பைக்குள் இரண்டு கையும்,
எதையோ திருடிவிட்டு நிற்பவர்போல நின்றார்.
அவர்கள் தப்பான போல்ட்டை எடுத்தபோதெல்லாம்
பைக்குள் ஏதோ துள்ளியது.

வெள்ளிக்கிழமை பனிப்புயல்.
ஏழாம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
ப்ரென்ட் வரவில்லை, கோல்பி போனையே எடுக்கவில்லை.
தண்டவாளத்தில் இரண்டு வேகன் காலியாக,
திங்கள் காலை வான்கூவர் போக வேண்டியவை.
மெசினோ அடிப்பாகம் தளர்ந்து
காய்ச்சல்காரன்போல் நடுங்குகிறது.

எதிர் மோட்டலிலிருந்து அவர் நடந்து வந்தார்.
தெருவைக் கடந்து நான் வந்தேன்.
வேறு ஆள் இல்லை.
"அக்கா, நீங்க இந்த ஊர்தானுங்களே?"

ஒன்பது வருடத்தில் யாரும்
அப்படிக் கேட்டதில்லை.
எந்த ஊர் என்று கேட்பார்கள்.
அதற்குமுன் எந்த ஊர் என்று மறுபடி கேட்பார்கள்.
பர்ஸில் அட்டை இருக்கிறது,
நிரந்தரமாய் இருக்கலாம் என்று.
எடுத்துப் பார்த்தேன், ஏனென்று தெரியவில்லை.
பிறகு ஸ்பேனரை எடுத்தேன்.

தொட்டுக் காட்டாத வித்தை
சுட்டுப் போட்டாலும் வராதென்பார்கள்.
சட்டத்துக்குச் சுட்டத்தான் தெரிகிறது.
"இருபத்துநாலு போடுங்க. அதில்ல, அந்தப் பக்கம்.
உடம்பு வெயிட்டைக் குடுங்க, கையில்ல.
இன்னும் ஒரு நூலுங்க."
நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று.
எனக்குத் தெரியாது என்பது
என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.
விரலை நீட்டினார்.
என் மணிக்கட்டுக்கு ஒரு நூல் தள்ளி
அது நின்றது.

எட்டு போல்ட். இரண்டு மணி நேரம்.
ஆறாவதில் அழுதேன், குளிரால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைப் போட்டார். அது போடலாம்.
நடுக்கம் நின்றது.
சிவப்புப் பருப்பு ஒரு பக்கம் கொட்ட,
மறுபக்கத் தகரத்தில்
முதல் கல் 'டிங்' என்று விழுந்தது.
"வந்துருச்சுங்க" என்றார்,
பிள்ளை பிறந்ததைச் சொல்கிறவர்போல.

படிவத்தில் ஒரு கட்டம்: பொருத்தியவர்.
என் பெயரை எழுதினேன்,
அமுதசுரபி, கணக்குப் பிரிவு.
பேனா சரியாகப் பிடிபடவில்லை,
உள்ளங்கையில் கொப்புளம்.

அவர் குனிந்து பார்த்தார், தொடவில்லை.
"எண்ணெய் வைங்க" என்றார்.
கைகள் மறுபடி பைக்குள் போயின.