பன்னிரண்டரை மில்லிமீற்றர்

ஒட்டுசுட்டான் சந்தியில்
ரியூப் ஒட்டுகிற கடைக்கும் எனக்கும் நடுவில்
ஒரு தகரம்தான்.
அங்கே காற்றடிக்கிற மெசின் எழும்பினால்
இங்கே என் மேசை விளக்கு மங்கும்.

பத்தரை பஸ்ஸில் வந்தாள் மனோரஞ்சிதம்.
துவாயில் சுற்றின லப்டொப்.
கொழும்பில் ஏதோ கந்தோர் கழித்துவிட்டது,
சொத்து இலக்கம் ஒட்டினபடியே.
ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான்
விற்றிருக்கிறார்கள்.
டிஸ்க் தனியாக,
வவுனியாவில், வேறொரு ஆளிடம்,
பாண் சுற்றிவந்த பையில்.

"இது இதுக்குப் போடலாமோ அண்ணை?"

வாங்க முதல் கேட்கவேண்டிய கேள்வி.
வாங்கின பிறகுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.
என் மோட்டார்சைக்கிளுக்கு
நானும் அப்படித்தான் கேட்டேன்.

முதலில் வாயைப் பார்த்தேன்.
என் லாச்சியில் கிடக்கிற பழைய ரகங்களுக்கு
நாற்பத்துநாலு ஊசி, அதிலும் பாதி வளைந்தது.
இது ஊசியில்லாத தட்டை வாய். சாட்டா.
லப்டொப்புக்குள்ளும் அதே.
சரி.

பிறகு மின்னைக் கொடுத்து
பயோஸின் திகதியைப் பார்த்தேன்,
எவ்வளவு பெரிய டிஸ்க்கை அது அடையாளம் காணுமென்று.
2009. ஐந்தாம் மாதம்.
அவளும் எட்டிப் பார்த்தாள்.
அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பிழை கடைசியில்தான் வந்தது,
தடிப்பில்.
குழி ஒன்பதரை மில்லிமீற்றர்.
டிஸ்க் பன்னிரண்டரை.
மூன்று மில்லிமீற்றர் என்பது
ஒரு நெல் படுத்துக் கிடக்கிற அளவு.
அதற்காக மூடி மூடாது.

"திருப்பிக் குடுத்து மெல்லிசா ஒண்டு வாங்குங்கோ."
"இந்த மாசம் இனி லீவு இல்லை அண்ணை.
பற்றேன் வரையிற கோர்ஸ் திங்கள் துடங்குது."

மூடி இல்லாமலே விடலாம் என்றேன்.
பக்கத்தில் போய் ரியூப்பில் ஒரு பட்டி வெட்டிவந்து
டிஸ்க்கை அழுத்திக் கட்டினேன்.
மேசையில் வைத்தால் நொண்டியது,
வயிறு தள்ளின ஆள் குப்புறப் படுத்ததுபோல.
கீழே காற்றுப் போக வழியும் இல்லை.

காசுப்பையைத் திறந்தாள்.
எட்டுப் பொத்தான்.
ஆமைத்தொழிற்சாலை என்று அவர்கள் பகிடியாய்ச் சொல்கிற
காமென்ற்ஸில்
சட்டையோடு சேராமல் மிஞ்சுகிறவை.
"இந்தப் பெரிய கோட்டுப் பொத்தான் மூண்டு மில்லி.
இரண்டிரண்டா ஒட்டினா ஆறு."
வேர்னியரை வைத்துப் பார்த்தேன்.
மூன்றேதான்.

நாலு மூலையிலும் கால் முளைத்தது.

ஓடவிட்டதும் நீலத்திரை.
பயோசுக்குள் போய் பழைய முறைக்கு மாற்றினேன்.
விண்டோஸ் ஏறத் தொடங்கியது,
ஏறியது, ஏறியது,
பக்கத்தில் மூன்று சைக்கிளும் ஒரு லான்ட்மாஸ்ரர் சில்லும்
காற்று அடித்துப் போயின.

டிஸ்க்கின் உடம்பையும் ஒருக்கால் சோதித்தேன்.
ஓடின நேரம்:
முப்பத்தோராயிரத்து நானூற்றாறு மணித்தியாலம்.
அவள் விரலில் கணக்குப் போட்டாள்.
"பதினொரு வருசம். ஓட்டி சேர்க்காமல்
எனக்கு இருபத்தாறாயிரம் வரும்.
என்னைவிட ஐயாயிரம் கூட."

"பழுதான இடம் ஐம்பத்தாறு கிடக்கு" என்றேன்.
மறைக்கக்கூடாதுதானே.
"அப்ப எப்பிடி ஓடுது?"
"அந்த இடங்களைக் குறிச்சு வைச்சிருக்கும்.
தொடாமல் சுத்திக்கொண்டு போகும்."
"அப்ப பரவாயில்லை" என்றாள்
திரையைப் பார்த்தபடி.

முக்கியமானதை வேறெங்காவதும் வைத்துக்கொள்,
பென்னிலோ, தங்கச்சியின் போனிலோ,
என்று இரண்டுதரம் சொன்னேன்.
தலையாட்டினாள். எல்லாரும் ஆட்டுவார்கள்.

போகும்போது கேட்டேன்,
இந்தச் சொத்து இலக்கத்தைச் சுரண்டிவிடவோ என்று.
"இருக்கட்டும்.
ஆரோ எண்ணி வைச்சிருந்திருக்கினம்."

ஆயிரத்து இருநூறு சொன்னேன்.
பொத்தானுக்கு நூறு கழித்தேன்.