ஐந்தாவது ஆள்

பட்டியலில் தெளிவாகத்தான் இருக்கிறது:
‘மனித உருவங்கள், நான்கு. எண்ணெய் வண்ணம்.
நாலடிக்கு மூன்றடி.’
நான் எண்ணினால் ஐந்து வருகிறது.

குன்னூரில் மூன்றாம் நாளாக வெயில் இல்லை.
விடுதியின் சாப்பாட்டு அறையில்
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
சிவப்பில் ஒருத்தி; அவள் கழுத்தைக்
கத்தியால் ஒரே இழுப்பில் முடித்திருக்கிறார்கள்.
மஞ்சளில் இரண்டு பேர், அல்லது
இரண்டு தடவை ஒரே ஆள்.
நீலத்துக்கு முகமே இல்லை,
தோளில் மட்டும் அத்தனை கோபம்.
இடது மூலையில் சாம்பல் பச்சையாய்
குனிந்து உள்ளே வருகிறவன்
பூஞ்சணம்.

இழப்பீடு கேட்டிருப்பது இவனுக்காகத்தான்.

சமையல்கட்டிலிருந்து லிங்கியம்மாள்
கை துடைத்தபடி வந்தாள்.
“கட்டபெட்டுல கடைசி பஸ்ஸ விட்டவங்க சார்.
ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாங்க.
போன மழைக்கு இவன் வந்தான்.
அப்புறந்தான் கொஞ்சம் தள்ளி நிக்கிறாங்க.”

ஈரத்தில் துணி தொய்ந்திருக்கிறது,
அதனால் நகர்ந்த மாதிரி தெரியும் என்றேன்.
“அதத்தான் நானும் சொன்னேன்.”

துடைத்தால் போய்விடுமா, மேலாளர் கேட்டார்.
போகும். பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட், அரை மணி நேரம்.
சொல்லாமல் படிவத்தைத் திருப்பினேன்.
‘சேதத்தின் தன்மை’க்கு
இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.

மறுபடி டார்ச்.
நீலத்தின் தோள் இப்போது கோபமாக இல்லை.
நெரிசலில் ஏறுகிறவனுக்கு
வழிவிடும்போதும் தோள் இப்படித்தான் உயரும்,
மேட்டுப்பாளையம் வண்டியில் காலையில்கூடப் பார்த்தேன்.

உருவங்கள் ஐந்து என்று எழுதி
அதை அடித்து
நான்கு என்று எழுதினேன்.
அடித்தது நன்றாகவே தெரிகிறது.